பக்கத்து இலை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
10 நவம்பர் 2024

நல்லம்மாவுக்கு அண்ணி அலமேலு எழுதுவது.

முதலில் ஒரு திருத்தம். நான் படுத்த படுக்கையாகிவிட்டேன், வேலைக்காரிதான் எனக்குச் சோறு ஊட்டுகிறாள் என்று கிள்ளானில் பேசிக்கொள்வதாக என் தம்பி ரெங்கசாமி சொன்னான். தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வந்த யாரோ சொன்னதாம். என் வீட்டில் வேலைக்காரி கிடையாது. இன்று காலை விடிவதற்கு முன் எழுந்து, கோயில் தெருவைச் சுற்றிக்கொண்டு ரயில் நிலையம் வரை நடந்து, நான்காம் மாடிக்குப் படியேறி வந்துதான் இதை எழுதுகிறேன். மின்தூக்கி நன்றாகவே ஓடுகிறது. நான் அதில் ஏறுவதில்லை.

ரெங்கசாமி எனக்குக் கொடுத்த சிறுநீரகம் போன ஆண்டிலிருந்து ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. அவனும் செந்தூலில் கல்லுக்குண்டாக இருக்கிறான். ஜூலையில் உன் பிள்ளை பிரவின் உனக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தபோது நான் மருத்துவமனைக்கு வரவில்லை. தொற்று வரும் என்பதால் என் நிலையில் இருப்பவள் அங்கே வரக்கூடாது, உன் நிலையில் இருந்தவளைப் பார்க்கவும் கூடாது. இது உனக்கு இப்போது தெரிந்திருக்கும்.

என்னைப் பற்றி வந்த செய்தியோடு உன்னைப் பற்றியும் ஒன்று வந்தது. நான்கு மாதமாக நீ நாற்காலியை விட்டு எழுவதில்லையாம். அது உண்மையா என்று தெரிய வேண்டும். தொலைபேசியில் பேசினால் நீ அழுவாய், நான் அதட்டுவேன். எழுதினால் இருவருக்கும் மரியாதை.

உன் வீட்டுக்காரர் கமலநாதனையும் பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல். மாத்திரையை நேரம் தவறாமல் போடு.

அலமேலு தியாகராஜன்

*

கிள்ளான்,
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு நல்லம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் வந்ததும் வருமான வரி ஆபீசிலிருந்து வந்திருக்கிறது என்று நினைத்து இவர் பயந்துபோனார். எல்லாம் தட்டச்சு. அடியில் கையெழுத்துகூடக் கிடையாது, பெயரும் தட்டச்சு. கான்வென்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவர் என்று அண்ணன் எங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு எழுத அந்தக் கையெழுத்துக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

அந்தப் பேச்சை நான் கிளப்பவில்லை. என் காதில் விழுந்தபோது மறுக்கவும் இல்லை. அதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். இந்த ஆண்டு பங்குனியில் பிரவினுக்கும் ஷாமினிக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. நீங்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தீர்கள், வாசல் பக்கம் உட்கார்ந்தீர்கள், தட்டை ஆசீர்வாதம் செய்தீர்கள். பந்திக்குக் கூப்பிட நான் வருவதற்குள் டாக்சி ஏறிவிட்டீர்கள். பெண் வீட்டார் முன்னால் என் அண்ணன் மனைவி கை நனைக்காமல் போனாள். அண்ணன் இருந்திருந்தால் உங்களை அப்படிப் போக விட்டிருப்பாரா?

நீங்கள் கேட்டது உண்மைதான். நான் நாற்காலியில்தான் இருக்கிறேன். அண்ணி, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. என் வயிற்றிலிருந்து வெளியே போனவன் தன் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துத் திரும்ப என் வயிற்றிலேயே வைத்திருக்கிறான். வலது பக்கம் கை வைத்தால் தெரிகிறது. நடந்தால் ஆடிவிடுமோ, குனிந்தால் நசுங்கிவிடுமோ என்று பயம். இதற்காகக் கல்யாணத்தையே தள்ளி வைத்தான். இப்போது வைகாசியில் நாள் குறித்திருக்கிறது. மண்டபத்தில் எனக்கு ஒரு சக்கர நாற்காலி வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டான்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். படியில் பார்த்து ஏறுங்கள்.

நல்லம்மாள்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்,
1 டிசம்பர் 2024

நல்லம்மாவுக்கு,

நான் நலமே. நீ நலமில்லை, ஆனால் ஆகிவிடலாம்.

உன் வயிற்றில் இருப்பது ஆணியில் மாட்டிய கரண்டி இல்லை, நடந்தால் ஆடுவதற்கு. தைத்து வைத்திருக்கிறார்கள். நான்கு மாதத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். உன் மருத்துவரும் நடக்கத்தான் சொல்லியிருப்பார். நீ கேட்டுக்கொண்டு தலையாட்டியிருப்பாய். உட்கார்ந்தே இருந்தால் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், அந்த மாத்திரைகளால் எடையும் ஏறும். இந்த மூன்றும்தான் அதைக் கெடுக்கும். நடை கெடுக்காது. பிரவின் உனக்குக் கொடுத்தது நீ உட்கார்ந்து காவல் காக்க அல்ல.

நாளை உன் வீட்டு வாசலிலிருந்து பக்கத்து வீட்டு வாசல் வரை போ. அடுத்த வாரம் அதற்கடுத்த வீடு. சக்கர நாற்காலியை வேண்டாம் என்று சொல். மாப்பிள்ளையின் தாய் வாசலில் நின்று வரவேற்க வேண்டியவள்.

இன்னொன்று. சுபாங் ஜெயாவில் ஏரிப் பூங்காவில் ஞாயிறுதோறும் காலையில் ஒரு குழு நடக்கிறது. எல்லாரும் நம்மைப் போன்றவர்கள். சிறுநீரகம், கல்லீரல், இதயம் மாற்றிக்கொண்டவர்கள். விஜயன் என்பவர் நடத்துகிறார். மருத்துவமனைத் தாதி சொன்னாள். நம்மவர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவர் வேகம் குறைந்தால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். நடந்து முடித்து எதிர்க் கடையில் ஒன்றாக உட்கார்கிறார்கள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் நேராக அங்கே போகிறது. உன் பயத்தை என்னிடம் சொல்வதைவிட அவர்களிடம் சொல்வது நல்லது. நான் கடுமையானவள்.

பங்குனி விஷயம். வெளிச் சாப்பாட்டில் கவனமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஷாமினிக்கு என் ஆசி.

அலமேலு தியாகராஜன்

*

கிள்ளான்,
20 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நானும் சுகம் என்று இந்த முறை எழுதலாம்.

நடந்தேன். முதல் நாள் பக்கத்து வீடு. இப்போது எங்கள் தாமான் குடியிருப்பின் முனையிலுள்ள பிள்ளையார் கோயில் வரை. ஆனால் நான் தனியாக நடக்கவில்லை. நான் முன்னால் போக, பிரவின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறான், நான் எந்த நிமிடமும் விழுவேன் என்று. அவனுக்குப் பின்னால் இவர், தண்ணீர்ப் போத்தலும் குடையுமாக. எதிர் வீட்டு லோகேஸ்வரி கேட்டைத் திறந்து, "என்னாக்கா, சாமி ஊர்வலமா? சொல்லியிருந்தா தேங்கா ஒடச்சிருப்பேன்ல" என்றாள். தெருவே சிரித்தது. பிரவினும் சிரித்தான், நாற்காலியை மட்டும் விடவில்லை.

அவனோ மூன்றாம் மாதமே பூப்பந்து ஆடப் போய்விட்டான். கொடுத்தவன் ஓடுகிறான், வாங்கியவள் உட்கார்ந்திருக்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தக் குழுவுக்குப் போக ஆசையாகவும் இருக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது. நீங்கள் அங்கே முன்னால் நடப்பீர்களா, பின்னாலா? முன்னால்தான் இருக்கும். நான் வந்தால் உங்கள் பக்கத்தில் நடக்கலாமா?

வெளிச் சாப்பாடு விஷயம் படித்தேன். ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்கலாம்.

நல்லம்மாள்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்,
2 ஜனவரி 2025

நல்லம்மாவுக்கு,

புத்தாண்டு உனக்கும் உன் வீட்டாருக்கும் நன்றாக இருக்கட்டும். எனக்கு ரத்தப் பரிசோதனை முடிந்தது. மருத்துவர் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் என் காலணியைப் பாராட்டினார்.

நாற்காலிக்கு ஓய்வு கொடு. பிள்ளையிடம் சொல், அவன் பின்னால் வருவதால்தான் உனக்கு விழும் நினைப்பு வருகிறது என்று. பிள்ளையார் கோயில் வரை போனது பெரிய காரியம். நான் எளிதில் பாராட்டுபவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இதை இரண்டு முறை படித்துக்கொள்.

ஞாயிறு முதல் ரயிலில் போ. நிலையத்திலிருந்து பூங்காவுக்கு வாடகைக் காரில் போ, அந்தச் சாலையைக் கடக்காதே. முகக்கவசத்தை ரயிலில் போடு, பூங்காவில் கழற்று. தொப்பி வேண்டும், நம் மாத்திரைகளுக்கு வெயில் ஆகாது.

எனக்காகக் காத்திருக்காதே. யார் பக்கத்திலும் நடக்கலாம்.

அலமேலு தியாகராஜன்

*

கிள்ளான்,
20 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

நேற்று போனேன். பிரவின் ரயில் வரை வந்தான், ஏறவில்லை. விஜயன் கல்லீரல் மாற்றிக்கொண்டவராம், முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். என் பயத்தைச் சொன்னேன். வயிற்றில் இருப்பது ஆடிவிடுமோ என்று கேட்டதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எனக்கும் அப்டித்தான் ஆன்டி இருந்துச்சு. ஆறு மாசம் ஒரு பக்கமாவே படுத்தேன். இங்க எல்லாருக்கும் இருந்துச்சு லா. கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டேன். இதயம் மாற்றிய சீனப் பெரியவர் ஒருவர், முதல் வருஷம் தும்மவே பயந்தாராம். எனக்கு எவ்வளவு இலேசாகிவிட்டது தெரியுமா, அண்ணி? நான் மட்டும் பைத்தியம் இல்லை.

ஏரியை முழுதாகச் சுற்றி வந்தேன். பிறகு கடையில் உட்கார்ந்தோம். அந்தக் கடைக்காரர் சரியான கஞ்சன், எல்லாருக்கும் அரைக் கிளாஸ் தேநீர்தான் ஊற்றுகிறார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் அலமேலு அம்மாவின் நாத்தனார் நான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அப்படி ஒருவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை. நெடுநெடுவென்று உயரமாக, வெள்ளைப் பருத்திப் புடவையில் என்று அடையாளம் சொன்னேன். விஜயன் உடனே, "ஓ, கறுப்புக் குடை அம்மாவா? ஏரிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. நாங்க கையாட்டுவோம். எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றார்.

இதென்ன அண்ணி? என்னைத் துரத்தித் துரத்தி அனுப்பிவிட்டு நீங்கள் எதிர்க் கரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கேயும் கை நனைக்க மாட்டீர்களா? எங்களோடு உட்கார்ந்தால் குறைந்துபோவீர்களா?

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். பதில் வேண்டும்.

நல்லம்மாள்

*

கிள்ளான்,
12 பிப்ரவரி 2025

அத்தைக்கு பிரவின் வணக்கம்.

எனக்குத் தமிழில் எழுதிப் பழக்கமில்லை, ஷாமினி பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறாள். நீங்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. அதனால் கடிதம்.

அம்மா நாலு நாளாக மருத்துவமனையில் இருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று வந்தது. வாந்தி, தலைவலி. என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். சீனப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி லிமாவ் பாலி கொடுத்தார், பெரிய பெரிய பழமாக. நம்மவர்கள் பம்பளிமாஸ் என்பது. பழம்தானே, நல்லதுதானே என்று அம்மா தினமும் உரித்துச் சாப்பிட்டிருக்கிறார். அந்தப் பழம் மாத்திரையின் வேகத்தை ரத்தத்தில் ஏற்றிவிடுமாம். ஏறினால் அதுவே சிறுநீரகத்துக்கு விஷமாம்.

"உங்கிட்ட வாங்குனத நானே கெடுத்துட்டேன்டா" என்று அம்மா அழுகிறார். நான் சொன்னால் கேட்கவில்லை. போன மாதம் அனுப்பிய கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. சேர்க்கும் நாள் வரை தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

பிரவின்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 பிப்ரவரி 2025

நல்லம்மாவுக்கு,

இதை ரெங்கசாமியிடம் கொடுத்து அனுப்புகிறேன், தபாலுக்குக் காத்திருக்கவில்லை.

நீ ஒன்றையும் கெடுக்கவில்லை. மாத்திரையின் அளவு ஏறியது, பழத்தை நிறுத்தியாயிற்று, அளவு இறங்கும். இறங்கியதும் சிறுநீரகம் தன் வேலையைப் பார்க்கும். இதை நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. நேற்று விஜயனைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். இதுவரை அவரிடம் நான் பேசியதில்லை. நல்லம்மாவின் அண்ணி என்று தொடங்கி நான் பெயரைச் சொல்வதற்குள், "கறுப்புக் குடை அம்மாதானே" என்றார். அவருடைய குழுவில் ஒரு மலாய்ப் பெண்மணிக்கு இதே பழத்தால் இதே போல் ஆகி, சரியாகி, இப்போது எல்லாருக்கும் முன்னால் நடக்கிறாராம். மருத்துவமனையில் உன்னைப் பார்க்கக் கூட்டமாக வரக்கூடாது என்பதால் அவர்கள் வரவில்லை. ஞாயிறு அன்று உன் இடத்தை விட்டுவிட்டு நடந்தார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நன்றாக இருந்தது.

மருத்துவர் படுக்கச் சொன்னால் படு. எழச் சொன்ன அன்றே எழு. பிரவின் முன்னால் அழாதே. கொடுத்தவனுக்கு அது கனம்.

உன் ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் பின்னர் எழுதுகிறேன்.

அலமேலு தியாகராஜன்

*

கிள்ளான்,
9 மார்ச் 2025

என் அண்ணிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ரத்தத்தில் எல்லாம் பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டதாம். நாளையிலிருந்து மறுபடியும் பிள்ளையார் கோயில். உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். தாதி பார்த்துவிட்டு வக்கீல் நோட்டீசா என்று கேட்டாள்.

இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது. எழுத்தைப் பார்த்தால் தெரியும். மருந்து ஏறிய நாளிலிருந்து என் கை நடுங்க ஆரம்பித்தது. இப்போது குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. சிலருக்குக் கொஞ்சம் நடுக்கம் கூடவே இருந்துவிடும், மாத்திரையின் குணம் அது என்றாள் தாதி.

வீட்டுக்கு வந்த அன்று ஷாமினியின் அப்பா அம்மா பார்க்க வந்திருந்தார்கள். எல்லாருமாகச் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் பிசைந்த சோற்றை எடுத்தேன். வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில். அவர்கள் பார்க்காதது போல் இருந்தார்கள். அதுதான் தாங்கவில்லை. பசி இல்லை என்று எழுந்துவிட்டேன்.

கை கழுவுகிற இடத்தில் நின்றபோது பங்குனி ஞாபகம் வந்தது, அண்ணி. முந்நூறு பேர், வாழையிலை, பெண் வீட்டார் எதிரில். முகக்கவசம், வாசல் பக்கம், டாக்சி. கையெழுத்தில்லாத கடிதங்கள். எதிர்க் கரை பெஞ்சு.

நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் சொல்லவும் வேண்டாம். ஒரு வருஷமாக நான் ஊரெல்லாம் சொன்னதை நானே வீடு வீடாகப் போய்த் திருத்துகிறேன். காரணம் சொல்ல மாட்டேன். அண்ணி சாப்பிடாமல் போகவில்லை, நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தேக் கடைக்காரர் கஞ்சன் இல்லையாம். அரைக் கிளாஸ் ஏன் என்று விஜயனிடம் தொலைபேசியில் கேட்டேன். "கை ஆடும்ல ஆன்டி, எங்க பாதிப் பேருக்கு. நெறைய ஊத்துனா சட்டையெல்லாம் தே. அதான் அரை அரையா ரெண்டு தடவ. மத்தவங்களுக்கும் அப்டியே. யாருக்கு ஆடுது யாருக்கு ஆடலன்னு தெரியக்கூடாதுல்ல" என்றார். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கிளாஸில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது.

உங்கள் நல்லம்மாள்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள நல்லம்மா,

இது என் கையெழுத்து. கோணலாக இருக்கிறது. பரிசு கொடுத்த சிஸ்டர் இருந்திருந்தால் பக்கத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதச் சொல்லியிருப்பார். நான் மறுபடி எழுதப் போவதில்லை.

இன்று காலை சுபாங் ஜெயா போனேன். பெஞ்சில் உட்காரவில்லை. குழுவில் நான் முன்னால் நடப்பேனா, பின்னாலா என்று நீ கேட்டிருந்தாய். இன்று எல்லாருக்கும் முன்னால் நான்தான். அந்த மலாய்ப் பெண்மணி இரண்டாவது. அவள் பாதி வழியில் என்னைப் பார்த்து, "கக்காக் மார்ச் பாஸ்ட் போறீங்களா?" என்று, அக்கா என்பதை மட்டும் மலாயில் விட்டுவிட்டு, தமிழில் கேட்டாள்; விஜயன் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கான்வென்டில் நான் மார்ச் பாஸ்டில் முதல் வரிசை என்று சொன்னேன்.

பிறகு கடையில் உட்கார்ந்தேன். அரைக் கிளாஸ் வந்தது. இரண்டு கையாலும் எடுத்தேன். கொஞ்சம் சிந்தியது. எதிரில் இருந்த சீனப் பெரியவருக்கும் சிந்தியது. அவர் தன் மேசையைத் துடைத்துவிட்டு அதே துணியை என் பக்கம் தள்ளினார், பேச்சை நிறுத்தாமல். இரண்டாவது அரைக் கிளாஸையும் குடித்தேன். அடுத்த வாரம் நீயும் வருவதாக விஜயன் சொன்னார். நாற்காலி வரவில்லை அல்லவா?

நீ வீடு வீடாகப் போய்த் திருத்த வேண்டியதில்லை. ஊர் என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னது அத்தனை தவறும் இல்லை. பரிதாபமாகப் பார்ப்பதைவிட அது மேல் என்றுதான் நான் டாக்சி ஏறினேன். உன்னைப் புண்படுத்த ஏறவில்லை. ஒருத்தியாவது சொல்லாமலே புரிந்துகொண்டாளே, அவள் உன் அண்ணனின் தங்கையாகவே இருந்ததில் எனக்குப் பெருமை.

கல்யாணம். சக்கர நாற்காலியைத் திருப்பி அனுப்பிவிட்டாய் என்று ரெங்கசாமி சொன்னான். நல்லது. நீ வாசலில் நின்று வரவேற்பாய். நான் உன் பக்கத்தில் நின்று பன்னீர் தெளிப்பேன். அதற்குக் கை ஆடினால் இன்னும் நல்லது.

நமக்கு முதல் பந்தி. சாப்பாடு அப்போதுதான் சூடாக இருக்கும். பச்சடியும் வெட்டி வைத்த பழமும் நம் இலைக்கு வேண்டாம் என்று பரிமாறுபவர்களிடம் முன்னாலேயே சொல்லி வை. ரசத்தை இரண்டு கரண்டியாக ஊற்ற வேண்டாம், அரை அரையாகக் கேட்டு வாங்கிக்கொள்வோம். எனக்குக் கரண்டியோ தனி மேசையோ போடக்கூடாது. பெண் வீட்டார் எதிரில், நடுக்கூடத்தில், உன் இலைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இலை வேண்டும். சிந்தினால் இருவர் இலையிலும் சிந்தட்டும்.

அந்த இலை எனக்கு உண்டா? தொலைபேசி வேண்டாம். நடுங்கினாலும் பரவாயில்லை, உன் கையால் எழுதிப் பதில் போடு.

அண்ணி
அலமேலு